இசைத்தட்டு சேலம் வந்து சேரும் கணக்கு

சேலத்தில் ரெக்கார்டு சேர்க்கிற இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு படப் பின்னணி இசையில் தொடங்கி சுங்க டூட்டியில் முடியும். இத்தாலிய கௌபாய் படங்களின் விசில் சத்தம், ஜப்பான் பதிப்பின் அட்டை அழகு, எண்பதுகளின் சிந்தசைசர் என்று ஒரு சுற்று வந்துவிட்டு, "போன பார்சலுக்கு எவ்வளவு போட்டாங்க?" என்ற இடத்தில் வந்து நிற்பார்கள். தபால்காரர் வாசலில் நின்று "சார், இதுக்குப் பணம் கட்டணும்ங்க" என்று ஒரு தொகையைச் சொல்லும்போது வீட்டில் உள்ளவர்கள் பார்க்கும் பார்வை இந்தப் பழக்கம் உள்ள எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் பழி முழுவதும் கஸ்டம்ஸ் மேல் விழுகிறது.

அதில் பாதிதான் நியாயம். ஒரு படப் பாடல் தட்டு அமெரிக்காவிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ கிளம்பி அம்மாப்பேட்டைக்கோ ஏற்காட்டுக்கோ வருவதற்குள் அதன்மேல் மூன்று வகைச் செலவு ஏறுகிறது. வரி, விலையைப் பார்த்துச் சதவீதமாக ஏறும். தபால் கட்டணம் எடையைப் பார்த்து ஏறும். கையாளும் கட்டணம் விலையையும் பார்க்காது, எடையையும் பார்க்காது. பார்சல் ஒன்றுக்கு இவ்வளவு என்று வந்து உட்காரும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காதவரை எதைக் குறைக்க முடியும், எதைக் குறைக்க முடியாது என்று புரியாது. பிரித்துப் பார்த்தால் தெரிவது இதுதான்: அதிகமாக அடிபடுவது மலிவான தட்டு.

வெளிநாட்டிலிருந்து ஏன் வரவழைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் இந்த நாட்டிலேயே தட்டு அடித்தார்கள். 1908-இல் கொல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வந்தது, பிறகு டம்டம். எச்.எம்.வி. முத்திரையோடு வந்த தமிழ்த் தட்டுகளும், உரிமம் பெற்று இங்கேயே அடித்த ஹாலிவுட் படத் தட்டுகளும் பெரும்பாலும் அந்த டம்டம் ஆலையில் பிறந்தவை. எண்பதுகளில் கேசட் வந்து எல்லாவற்றையும் தின்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தோடு இங்கே எல்.பி. என்னும் பெரிய தட்டு அடிப்பது நின்றுபோனது. மும்பையில் மறுபடி தட்டு அடிக்கத் தொடங்கியதே அண்மையில்தான். நடுவில் போன முப்பது ஆண்டுகளில் உலகம் முழுக்க வெளியான படப் பின்னணி இசைத் தட்டுகள் எதுவும் இங்கே அடிக்கப்படவில்லை. வேண்டுமென்றால் வரவழைக்கத்தான் வேண்டும்.

சேலத்துக்கு இந்த ஆசை புதிதும் அல்ல. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் இது. மலையாளத்தின் முதல் பேசும்படத்தை 1938-இல் தயாரித்த நிறுவனம் அது. அறுபதுகளில் அவர்கள் எடுத்த துப்பறியும் படங்களுக்கு இசையமைத்த வேதா, இந்தி மெட்டும் ஆங்கில மெட்டும் தாராளமாக எடுத்துத் தமிழ் ஆக்கியவர். அந்த மெட்டுகளின் மூலத்தைத் தேடிப் போய்த்தான் இங்கே சிலர் வெளிநாட்டுப் படத் தட்டுகளுக்குள் நுழைந்தார்கள். கதை தலைகீழாகவும் நடந்திருக்கிறது. பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் இளையராஜாவின் ஆரம்ப காலப் பாடல்களைத் தொகுத்துத் தட்டாக வெளியிட்டது. சென்னையில் பதிவான பாட்டை, இங்கிலாந்திலிருந்து, சுங்க வரி கட்டி, சேலத்துக்கு வாங்கினோம்.

அந்தக் காலத்துக்காரர்கள் நமக்கு மேல் கஷ்டப்பட்டவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1991-க்கு முன்னால் நுகர்பொருள் இறக்குமதி என்பதே எளிதல்ல. நுகர்பொருள்கள் மீதான அளவுக் கட்டுப்பாடுகள் முழுமையாக நீங்கியது 2001 ஏப்ரல் 1-இல்தான். அதுவரை தட்டு வந்தது சிங்கப்பூர், கொழும்பு, வளைகுடா என்று போய் வந்தவர்களின் பெட்டியில். பெட்டி விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

எடை என்னும் எதிரி

ஒரு சாதாரண எல்.பி. 120 முதல் 140 கிராம். இப்போது வரும் கனத்த பதிப்புகள் 180 கிராம். அட்டை, உள்ளுறை எல்லாம் சேர்த்து இன்னொரு 80, 100. வளையாமல் வர வேண்டுமே என்று விற்பவர் போடும் அட்டைப்பெட்டியும் தடுப்பு அட்டைகளும் 200 கிராமுக்குக் குறையாது. ஆக, ஒற்றைத் தட்டு ஒன்று பெட்டியோடு அரை கிலோவை நெருங்கிவிடும். அதில் பாட்டு இருக்கும் பிளாஸ்டிக் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மீதி அட்டைக்குத்தான் நாம் விமானக் கட்டணம் கட்டுகிறோம்.

படப் பின்னணி இசையைச் சேர்ப்பவர்களுக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. எழுபதுகளில் ஒரு படத்தின் இசை ஆல்பம் என்றால் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். ஒரே தட்டில் அடங்கும். ஏனென்றால் பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் வரைதான் நல்ல ஒலியோடு பதிய முடியும். இப்போதைய மறுபதிப்புகள் படத்தில் வந்த எல்லாத் துண்டு இசையையும், வெட்டிப்போட்டதையும், மாற்று வடிவங்களையும் சேர்த்து எழுபது, எண்பது நிமிடம் கொடுக்கின்றன. அதற்கு இரண்டு தட்டு வேண்டும். 45 வேகத்தில் அடித்தால் மூன்று. விரியும் அட்டை, ஒரு சிறு புத்தகம், சுவரொட்டி என்று கூடவே வரும். பார்சல் முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று போய்விடுகிறது. ராக் இசை சேர்க்கும் நண்பர் ஒரு ஆல்பத்துக்கு ஒரு தட்டு வாங்கும் இடத்தில் நாம் இரண்டு தட்டுக்கு எடை கட்டுகிறோம். சேர்ப்பவனுக்கு முழு இசையும் வேண்டும் என்ற ஆசை இருக்கிறதே, அதற்கு எடைக்கல்லில்தான் விலை போடுகிறார்கள்.

உலக அஞ்சல் ஒன்றியத்தின் கணக்கில் சிறு பொட்டலம் என்பதற்கு 2 கிலோ வரம்பு. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் கூட்டினால் 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. எல்.பி. பெட்டி அளவில் சிக்கல் இல்லை, எழுபது சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வரும். எடையில்தான் கவனம் வேண்டும். ஒற்றைத் தட்டுகள் நான்கை நெருக்கிக் கட்டினால் 2 கிலோவுக்குள் வரும். மேலும் சேர்த்து அந்த வரம்பைத் தாண்டினால் அது பார்சல் வகைக்குப் போய்க் கட்டணம் எகிறும். இந்த வரம்பு தெரியாமல் "இன்னும் ஒண்ணு சேர்த்துடலாம்" என்று ஆசைப்படுபவர்கள் அந்த ஒன்றுக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

முன்பு கப்பல் தபால் என்று ஒரு வழி இருந்தது. இரண்டு மூன்று மாதம் ஆகும், ஆனால் மலிவு. அமெரிக்க அஞ்சல் துறை வெளிநாடுகளுக்கான தரை, கடல் வழித் தபாலை 2007 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. அமெரிக்காவிலிருந்து தட்டு வாங்குவது விமானக் கட்டணத்தோடு கட்டிப்போடப்பட்டது அன்றுதான். அதற்கு முன் வாங்கிப் பழகியவர்கள் இன்றும் அந்த நாளைத் துக்க நாள்போலச் சொல்வார்கள்.

வரி எப்படி ஏறுகிறது

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கியவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வெள்ளி விலை, அதன்மேல் சேதாரம், அதன்மேல் செய்கூலி, எல்லாம் கூட்டிய பிறகு ஜி.எஸ்.டி. இறக்குமதி வரியும் அப்படித்தான், அடுக்கு மேல் அடுக்கு.

முதல் அடுக்கு, அடிப்படைச் சுங்க வரி. இரண்டாவது, அந்த வரியின் மேல் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. 2018 பட்ஜெட்டில் கல்விக் கூடுதல் வரிகளுக்குப் பதிலாக வந்தது. மூன்றாவது, தட்டின் மதிப்பு, முதல் இரண்டு வரி எல்லாவற்றையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைமேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. ஆக, வரிக்கும் வரி.

சுங்கக் கட்டண அட்டவணையில் கிராமபோன் தட்டுக்கு 8523 என்ற தலைப்பின் கீழ் தனி எண்ணே இருக்கிறது. அந்த வழியில் கணக்கிட்டால் அடிப்படை வரி 10, கூடுதல் வரி 1, ஆக 111-இன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 30.98 சதவீதம். சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. தனிப்பட்ட பயன்பாட்டுக்காகத் தபாலிலோ விமானத்திலோ வரும் எல்லாப் பொருளையும் ஒரே கூடையில் போடும் 9804 என்று இன்னொரு தலைப்பு உண்டு. அந்தக் கூடைக்கு ஒரு காலத்தில் 10 சதவீத அடிப்படை வரியும் 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் போட்டார்கள், மொத்தம் 42.08. அட்டவணை விகிதமான 35 சதவீதத்தில் போட்டபோது மொத்தம் 77.28. ஒரே தட்டு, ஒரே கடை, ஒரே மாதம். ஒருவருக்கு முப்பது சதவீதம், பக்கத்துத் தெருக்காரருக்கு எழுபத்தேழு. "ஆபீசர் மூடைப் பொறுத்தது" என்று ஊரில் பேசிக்கொண்டதன் பின்னணி இதுதான். மனநிலை எல்லாம் காரணமில்லை. எந்தத் தலைப்பில் வகைப்படுத்தினார்கள் என்பதுதான் காரணம்.

இந்தச் சண்டை இப்போது பெரும்பாலும் தணிந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யில் 28 சதவீத அடுக்கு போனபோது, தனிப்பட்ட இறக்குமதிக்கான விகிதமும் 18-க்கு இறங்கியது. 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் அந்தக் கூடைக்கு இடையில் 20 ஆகியிருந்த அடிப்படை வரியை 10 சதவீதமாகக் குறைக்கும் அறிவிப்பு வந்தது. இரண்டு வழிக்கும் 10, 18 என்று ஒரே எண்கள் வந்துவிட்டால் எந்தத் தலைப்பு என்று வாதாடுவதில் பெரிய லாபம் இல்லை. எழுபத்தேழு சதவீதம் என்று இன்னும் பயமுறுத்துபவர்கள் பழைய கணக்கைச் சொல்கிறார்கள்.

எந்தத் தேதியின் விகிதம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தபாலில் வரும் பொருளுக்கு, அஞ்சல் துறை அதன் விவரப் பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் கொடுக்கும் நாளில் என்ன விகிதமோ அதுதான். நாம் பணம் கட்டிய நாளுக்கு இதில் இடமில்லை. படப் பின்னணி இசைத் தட்டுகளை முன்பதிவில் வாங்கும் பழக்கம் அதிகம். ஆறு மாதம் முன்னால் பணம் கட்டி, தட்டு அடிக்கும் ஆலையில் வரிசை நீண்டு, நடுவில் ஒரு பட்ஜெட் வந்து போயிருக்கும். இறங்கினால் லாபம், ஏறினால் யாரிடமும் கேட்க முடியாது.

தபால் செலவுக்கும் வரியா?

ஆமாம். வரி கணக்கிடும் மதிப்பு என்பது பொருளின் விலை, காப்பீடு, கொண்டுவரும் செலவு மூன்றும் சேர்ந்தது. தட்டு வாங்குபவர்களுக்கு அதிக எரிச்சல் தரும் இடம் இது. தட்டின் விலைக்கு நிகராகத் தபால் செலவே இருக்கும்போது அதன்மேலும் வரியா என்று. ஆனால் பலர் கவனிக்காத ஒரு சலுகை இங்கே ஒளிந்திருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் பத்தாவது விதி சொல்வது: விமானத்தில் வரும் சரக்குக்குக் கொண்டுவரும் செலவு எவ்வளவு ஆகியிருந்தாலும், மதிப்பில் சேர்ப்பது பொருளின் விலையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காப்பீட்டுச் செலவு தெரியாவிட்டால் 1.125 சதவீதம்.

கணக்குக்காக ஒரு தட்டை 2,500 ரூபாய் என்றும் விமானத் தபால் 2,200 என்றும் வைத்துக்கொள்வோம். தபால் செலவு முழுவதையும் சேர்த்தால் மதிப்பு 4,728 ரூபாய், 30.98 சதவீதத்தில் வரி 1,465. விதிப்படி 20 சதவீதத்தோடு, அதாவது 500 ரூபாயோடு நிறுத்தினால் மதிப்பு 3,028, வரி 938. ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். இன்வாய்ஸில் தட்டின் விலையும் தபால் செலவும் தனித்தனியாக இருந்தால்தான் இந்தப் பிரிப்பு தெரியும். "மொத்தம் இவ்வளவு, தபால் இலவசம்" என்று போடும் கடைகளில் வாங்கினால் அந்த 4,700 முழுவதும் பொருளின் விலையாகவே படிக்கப்படும்; அதன்மேல் இன்னொரு இருபது சதவீதம் ஏற்றப்படவும் வழி இருக்கிறது. இலவசத் தபால் என்ற வார்த்தை நமக்கு நல்லதல்ல.

இதே கணக்கை இன்னொரு பக்கமாகப் பாருங்கள். 2,500 ரூபாய்த் தட்டு வீட்டுக்கு வரும்போது 5,638 ரூபாய் ஆகிறது. கூடுதலாக ஏறிய 3,138 ரூபாயில் தபால் மட்டும் 2,200. பத்தில் ஏழு பங்கு. கஸ்டம்ஸைத் திட்டிக்கொண்டிருக்கிறோம், பணம் போவது தபால் தலைக்கு. வாசலில் வந்து கேட்கும் பணம் மட்டும் கண்ணில் படுகிறது. வாங்கும்போதே கார்டில் போன பணம் மறந்துவிடுகிறது.

சிறிய பார்சலுக்கு விலக்கு இல்லையா என்று கேட்கலாம். வரித்தொகை நூறு ரூபாயோ அதற்குக் கீழோ இருந்தால் வசூலிக்க வேண்டாம் என்று சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. 30.98 சதவீதத்தில் நூறு ரூபாய் வரி என்றால் மதிப்பு 322 ரூபாய். அந்த விலைக்கு வெளிநாட்டிலிருந்து எந்த எல்.பி. வரும்? ஏழு அங்குலத் தட்டு ஒன்றிரண்டு தேறலாம். நடைமுறையில் சில பார்சல்கள் வரி போடாமலே வந்துவிடுவது உண்டு. அதை நம்பிப் பட்ஜெட் போடுவது லாட்டரிச் சீட்டை நம்பி வீடு கட்டுவது.

தபாலா, கூரியரா

இந்திய அஞ்சல் துறை வழியாக வரும் தட்டு சென்னை அயல்நாட்டு அஞ்சலகத்தில் மதிப்பிடப்பட்டு, அப்புறம் சேலம் வந்து, நம் பகுதித் தபால்காரர் கைக்கு வருகிறது. வரியோடு ஒரு சிறு கையாளும் கட்டணம் வாங்குவார்கள், ரசீது வரும். தனியார் கூரியர் என்றால் வேகம், டிராக்கிங் எல்லாம் உண்டு. ஆனால் நம் சார்பில் அவர்கள் முன்கூட்டி வரி கட்டியதற்கு ஒரு கட்டணம், ஆவணம் தயாரித்ததற்கு ஒரு கட்டணம், அந்தக் கட்டணங்களின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. பெரும்பாலும் இவை குறைந்தபட்சத் தொகையாக நிற்கும். பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டித் தொகுப்புக்கு இது கடுகு. ஆயிரத்து இருநூறு ரூபாய்ப் பழைய தட்டுக்கு இது வரியையே தாண்டும். மலிவான தட்டு அதிகம் அடிபடுகிறது என்று முதலில் சொன்னேனே, அது நடப்பது இந்த இடத்தில்தான்.

அடையாள ஆவணம் கேட்டு மின்னஞ்சல் வரும். கூரியரில் அது கட்டாயம். பதில் தாமதித்தால் கிடங்கு வாடகை ஏறும். தபாலில் மதிப்பு சந்தேகமாக இருந்தால் இன்வாய்ஸும் பணம் கட்டிய சான்றும் கேட்டுக் கடிதம் வரும். இரண்டையும் வாங்கிய அன்றே சேமித்து வைப்பது நல்லது. ஆறு வாரம் கழித்துத் தேடினால் அந்த விற்பனையாளர் கடையையே மூடியிருப்பார்.

மலைக்கு மேலே இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி எஸ்டேட் வாசல் வரை வருவது தபால்காரர்தான். சில கூரியர்கள் சேலத்திலேயே வைத்துக்கொண்டு "வந்து வாங்கிக்கோங்க" என்று விடுவார்கள். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில்தான் வரவழைப்பார். "அண்ணா, வேகமா வந்து என்ன பண்றது, மழைக்காலம் முழுக்க இங்கதானே இருக்கப் போகுது" என்பார். அவருடைய கவலை வேறு. மூடுபனி மாதங்களில் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். கீழே சேலத்தில் எங்கள் கவலை நேர் எதிர். சித்திரை வெயிலில் வண்டியில் கிடக்கும் பெட்டிக்குள் தட்டு வளைந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வந்து சேரும்படி எதையும் வாங்காமலிருப்பது வரியைவிடப் பெரிய சேமிப்பு.

சோதனைக்குப் பெட்டியைப் பிரிப்பார்கள் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். மேலுறை பிரிக்காத தட்டுக்குத்தான் மதிப்பு என்று நினைப்பவர்களுக்கு இது வலிக்கும். எனக்கு அந்தக் கொள்கை இல்லை, கேட்பதற்குத்தான் தட்டு. விற்பவரிடம் உறையைப் பிரித்து, தட்டை அட்டைக்கு வெளியே வைத்துக் கட்டச் சொல்லிவிடுவேன். வழியில் குலுங்கும்போது தட்டின் விளிம்பு உள்ளிருந்து அட்டையின் மேல் தையலைக் கிழிப்பது அதனால் நின்றுபோகும்.

'கிஃப்ட்' என்று போடச் சொல்வது

இன்னும் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், விற்பவரிடம் "பரிசு என்று எழுதுங்கள், விலையைப் பத்து டாலர் என்று போடுங்கள்" என்று. ஒரு காலத்தில் 5,000 ரூபாய் வரை பரிசுக்கு விலக்கு இருந்தது. வெளிநாட்டு இணையக் கடைகள் அதைத் தவறாகப் பயன்படுத்தி எல்லாப் பொருளையும் பரிசு என்றே அனுப்பின. 2019 டிசம்பரில் அந்தக் கதவு மூடப்பட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் மட்டும் விதிவிலக்கு. இன்று பரிசு என்று எழுதினால் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை, சந்தேகம் மட்டும் மிச்சம். விலையைக் குறைத்துப் போடுவது இன்னும் மோசம். தவறான தகவலோடு வரும் பொருளைப் பறிமுதல் செய்யச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு இடம் தருகிறது, அபராதம் தனி. தவிர, பார்சல் தொலைந்தாலோ உடைந்தாலோ இழப்பீடு அறிவித்த விலைக்குத்தான். எட்டாயிரம் ரூபாய்த் தட்டுக்கு எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

'இது இந்தியாவில் அடித்த தட்டு, இங்கிருந்து போனதுதானே, எதற்கு வரி' என்ற வாதமும் எடுபடாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழைய தமிழ்த் தட்டுகள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. அங்கிருந்து வாங்குபவர்கள் இதைக் கேட்பார்கள். மீண்டும் இறக்குமதியாகும் பொருளுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் அது ஏற்றுமதி செய்த ஆவணத்தோடும் கால வரம்போடும் கட்டப்பட்டது. 1978-இல் யாரோ பினாங்குக்கு எடுத்துப்போன தட்டுக்கு அந்த ஆவணத்தை எங்கே தேடுவது?

பெட்டியில் வரும் தட்டு

இப்போது பெட்டிக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணிக்கு 2016 பயணப்பெட்டி விதிகள் 50,000 ரூபாய் வரை வரி விலக்கு கொடுத்தன. 2026-இல் அது 75,000 ஆனது. தபாலில் வந்தால் முதல் ரூபாயிலிருந்து வரி போடப்படும் அதே தட்டு, மருமகனின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வந்தால் வரியும் இல்லை, தபாலும் இல்லை. அரசு இதை ஓட்டை என்று பார்க்கவில்லை, பயணிக்குக் கொடுக்கும் உரிமையாகவே வைத்திருக்கிறது. நியாயமா என்றால், விமானம் ஏறும் வீட்டாருக்கு நியாயம், ஏறாதவர்களுக்கு இல்லை. சேலத்தில் சேகரிப்பு பெரிதாக இருக்கும் வீடுகளில் வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருப்பது தற்செயல் இல்லை. விற்பவரிடம் அந்தப் பிள்ளையின் முகவரியைக் கொடுத்து, உள்நாட்டுத் தபாலில் அங்கே சேர்த்து வைத்து, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வரும்போது பத்துப் பன்னிரண்டு தட்டை வாங்கிக்கொள்வது இன்றைக்கும் மலிவான வழி. பிள்ளையின் பெட்டியில் நான்கு கிலோ போய்விடும் என்பதற்கு அவர்கள் வீட்டில் நடக்கும் சண்டை இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

அப்படி ஆள் இல்லாதவர்களுக்குக் கூட்டாக வாங்குவது ஒன்றுதான் வழி. இதில் என்ன மிச்சமாகும், என்ன மிச்சமாகாது என்று தெளிவாக இருக்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் நான்கு தட்டு வரவழைத்தால் வரி பெரிதாகக் குறையாது, அது சதவீதம். குறைவது தபாலும் கையாளும் கட்டணமும். முதல் அரை கிலோவுக்கு வாங்கும் கட்டணத்தை அடுத்த அரை கிலோவுக்கு வாங்குவதில்லை. மேலே சொன்ன கணக்கில் அதிகம் கனத்தது தபால்தான் என்பதால், மிச்சம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நால்வரும் ஒரே தட்டை வாங்கக் கூடாது. ஒரே தலைப்பில் நான்கு பிரதி இருந்தால் அது சொந்த உபயோகம் என்று அதிகாரி நம்ப மாட்டார். வியாபாரம் என்றால் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் கேட்கும் வேறு பாதை. நால்வரும் நான்கு விதம் வாங்கி, பிறகு ஒருவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டு, அம்மாப்பேட்டைப் பக்கம் தட்டுவடை செட் வாங்கிவந்து பிரித்துக்கொள்வதில் வேறு நன்மைகளும் இருக்கின்றன.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். பிரிட்டன், ஐரோப்பியக் கடைகளின் விலையில் அந்த நாட்டு மதிப்புக் கூட்டு வரி சேர்ந்திருக்கும். பிரிட்டனில் 20, ஜெர்மனியில் 19 சதவீதம். ஏற்றுமதிக்கு அந்த வரி கிடையாது. இந்திய முகவரி கொடுத்ததும் பில்லில் விலை இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் எழுதிக் கேளுங்கள். நம் வரியில் சுமார் பாதியை ஈடுகட்டும் தொகை அது. வரிப் பதிவு இல்லாத சிறு கடைகளிடமும் தனிநபர்களிடமும் இது கிடைக்காது. கார்டில் அந்நியச் செலாவணிக்கு வங்கி எடுக்கும் இரண்டு, மூன்று சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் தனி. புத்தகப் பிரியர்களைப் பார்த்துப் பொறாமைப்படவும் காரணம் இருக்கிறது: இறக்குமதியாகும் அச்சுப் புத்தகத்துக்கு 5 சதவீதச் சுங்க வரிதான், ஜி.எஸ்.டி. இல்லை. ஒரு இசையமைப்பாளரைப் பற்றிப் படித்தால் அறிவு, கேட்டால் ஆடம்பரம் என்று அட்டவணை நினைக்கிறது போலும்.

வரி தவறாகப் போடப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் மேல்முறையீடு உண்டு. உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் சுங்க மேல்முறையீட்டு ஆணையரிடம் செய்ய வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்கு யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. போக வேண்டிய இடம் அதற்கு முன்னால் இருக்கிறது. மதிப்பீட்டுக்கு முன் இன்வாய்ஸ் கேட்டுக் கடிதம் வரும்போது, தபால் செலவு தனி என்பதையும் பத்தாவது விதியையும் தட்டின் 8523 எண்ணையும் ஒரு பக்கத்தில் எழுதி இன்வாய்ஸோடு இணைத்து அனுப்புவது. விற்பவரிடமும் சுங்க அறிவிப்புச் சீட்டில் வெறுமனே 'இசை' என்று எழுதாமல் வினைல் ரெக்கார்டு என்று எழுதி, எண்ணிக்கையும் விலையும் அந்த எண்ணும் போடச் சொல்லலாம். ஒரு வரி மின்னஞ்சல்தான் செலவு.

நாம் வெளியே அனுப்பும் பக்கமும் இப்போது இறுகியிருக்கிறது. இங்கே கிடைக்கும் எண்பதுகளின் தமிழ்த் தட்டுகளுக்கு அமெரிக்காவில் ஆள் உண்டு. இரட்டைப் பிரதியை விற்று அந்தப் பணத்தில் இன்னொன்று வாங்குவது சேலத்தில் பலருக்கு வழக்கம். 800 டாலர் வரை அங்கே இருந்த வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29-இல் நீங்கியது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பார்சல்களைச் சில வாரங்கள் நிறுத்தி, அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. இப்போது அனுப்பும்போதே அந்த நாட்டு வரியைக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். வாங்குபவர்கள் அதையும் விலையில் கழித்துக்கொண்டு பேரம் பேசுகிறார்கள்.